ஊவாத் தோட்டத் திருச்சபைகளிற் பாடகர் குழாம்: ஒரு வரலாற்று நோக்கு

கிறித்தவ வழிபாட்டிலே பாடகர் குழாத்திற்குரிய இடம் யாது என்னும் வினா இன்று திருச்சபைகள் பலவற்றிலும் எழுப்பப்படுகின்றது. நால்வகைக் குரலிசைவும் ஆர்மோனியமும் பாமாலைப் புத்தகமும் கொண்ட பழைய குழாமே வழிபாட்டின் மாண்பைக் காப்பது என்பர் ஒரு சாரார். மின்னிசைக் கருவிகளும் கைதட்டலும் கூடிய புதிய வழிபாட்டிசையே இளந்தலைமுறையினரை ஆலயத்துக்கு ஈர்ப்பது என்பர் மற்றொரு சாரார். இவ்விவாதம் பெரும்பாலும் சுவை பற்றிய விவாதமாகவே நடந்து முடிகின்றது. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களை நிலைக்களமாகக் கொண்டு இதனை நோக்குவோமாயின், சுவையினும் ஆழமான ஒன்று இதன்கண் அடங்கியிருத்தல் புலனாகும். தமக்கெனப் பேசும் வாய்ப்பு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த ஒரு மக்கட்கூட்டம், கூடிநின்று குரலெழுப்பக் கற்றுக்கொண்ட இடங்களுள் ஒன்று பாடகர் குழாம் என்பதே அது.

அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலி எல, பதுளை என நீளும் மலைத்தொடரிலே முதலிற் கோப்பியும், 1869 ஆம் ஆண்டிலே தோன்றிய இலைநோயினால் அப்பயிர் அழிந்தபின் தேயிலையும் பயிரிடப்பட்டன. புகையிரதப் பாதை எல்லவை எட்டியது 1918 ஆம் ஆண்டிலாகும். பதுளையை எட்டியது 1924 இலாகும். அதற்குப் பல்லாண்டு முன்னரே திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் இம்மலைகளிலே லயங்களிற் குடியேறியிருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் சைவ, வைணவ, கிராமிய வழிபாட்டு மரபினர், கிறித்தவர் சிறுதொகையினரே. எனினும் அச்சிறுதொகையினரின் வழிபாட்டிசை வரலாறு, மலையகத்தின் பண்பாட்டு வரலாற்றைப் பிறிதொரு கோணத்திலிருந்து காண உதவுவதாகும்.

1. மரபு எனப்படுவது யாது?

பழைய பாடகர் குழாம் என்று நாம் கூறுவது எவ்வளவு பழையது என்பது முதலிலே ஆராயத்தக்கது. வெள்ளை மேலங்கி அணிந்து, பீடத்துக்கு அண்மையிலே இரு வரிசையாக அமர்ந்து, நால்வகைக் குரலிற் பாடும் குழாம் தொன்றுதொட்டு ஆங்கிலத் திருச்சபைகள் அனைத்திலும் இருந்துவந்தது எனப் பலர் கருதுவர். பேராலயங்களைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையே. ஆனால் இங்கிலாந்தின் நாட்டுப்புற ஆலயங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை பாடலை நடத்தியவர்கள், ஆலயத்தின் மேற்குப்புற மேல்மாடத்திலிருந்து வயலின், கிளரினெற், பசூன் முதலிய கருவிகளை இசைத்த உழவரும் கைவினைஞருமாவர். 1833 ஆம் ஆண்டிலே தொடங்கிய ஒக்ஸ்போர்ட் இயக்கத்தின் செல்வாக்கினால் வழிபாட்டிலே ஒழுங்கும் மாண்பும் வற்புறுத்தப்பட்டபோது, அந்த மேல்மாடக் குழுவினர் படிப்படியாக அகற்றப்பட்டனர். அவ்விடத்தை ஓர்கனும் மேலங்கிக் குழாமும் பெற்றன. தோமஸ் ஹார்டி 1872 இல் வெளியிட்ட ‘அண்டர் த கிறீன்வூட் ட்றீ’ என்னும் நாவல் இம்மாற்றத்தையே கதைப்பொருளாகக் கொண்டது என்பது ஆங்கில இலக்கியம் பயில்வோர் அறிந்ததே.

ஆர்மோனியத்தின் வரலாறும் இத்தகையதே. பாரிஸ் நகரில் அலெக்சாண்டர் டெபாங் என்பார் 1842 இல் அக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தரையிலமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கத்தக்க வடிவத்தைக் கல்கத்தாவிலே துவாரகாநாத் கோஷ் 1875 இல் உருவாக்கினார். இன்று தமிழ்க் கிறித்தவ இசையின் அடையாளமாகவே கருதப்படும் கருவி இதுவாகும்.

பதுளை புனித மாற்கு ஆலயம் ஊவாவின் பழைய அங்கிலிக்கன் ஆலயங்களுள் ஒன்று. 1845 ஆம் ஆண்டிலே அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது அது. அத்தகைய ஆலயங்களில் அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் தம் தாயகத்து வழக்கப்படி வழிபட்ட அதே காலத்திலேதான் அவர்களுடைய தாயகத்திலும் மேலங்கிக் குழாம் பரவிக்கொண்டிருந்தது. எனவே நாம் ‘மரபு’ எனப் போற்றும் குழாம் கோப்பித் தோட்டங்களோடு ஏறத்தாழ ஒத்த வயதினது எனலாம். அது தோன்றியபோது புதுமையாகவே தோன்றியது. அதற்கு முந்திய ஒரு மக்களிசை மரபை அகற்றியே இடம்பெற்றது. இன்று பழமையின் பெயராலே புதுமையை மறுப்போரும், புதுமையின் பெயராலே பழையதை அகற்ற விழைவோரும் ஒருங்கே கருதத்தக்க உண்மை இது.

2. உபதேசியாரும் கீர்த்தனையும்

துரைமாரின் ஆலயத்துக்கு வெளியே, தொழிலாளரிடையே வழிபாட்டிசை வேறு வழியாக வந்து சேர்ந்தது. 1854 ஆம் ஆண்டிலே கண்டியை நிலையமாகக் கொண்டு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. தோட்ட உரிமையாளர் சிலரின் பொருளுதவியும் சேர்ச் மிஷனரிச் சங்கத்தின் ஆளுதவியும் இணைந்து உருவான அமைப்பு அது. அதன் முதற் பொறுப்பாளரான செப்ரிமஸ் ஹொப்ஸ் திருநெல்வேலியிற் பணியாற்றியவர். உபதேசியார்களும் திருநெல்வேலியிலிருந்தே அழைத்துவரப்பட்டனர். தோட்டந்தோட்டமாக நடந்து சென்று, வேலை முடிந்தபின் லயங்களிலே மக்களைச் சந்திப்பது அவர்களது பணியாயிருந்தது. அவர்கள் வேதாகமத்துடன் பாடல்களையும் கொண்டுவந்தனர்.

அப்பாடல்கள் இருவகைப்பட்டன. 1706 ஆம் ஆண்டிலே தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலாக, பபிரீசியுஸ் முதலிய ஜெர்மானிய மிஷனரிமார் தம் நாட்டு மெட்டுக்களுக்கு இயையத் தமிழிலே ஆக்கிய ஞானப்பாட்டுக்கள் ஒருவகை. பின்னர் ஆங்கிலப் பாடல்களின் வழிவந்த பாமாலைகளும் இவற்றோடு சேர்ந்தன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புக்களோடு இராக தாளத்துக்கு அமையப் பாடப்படும் கீர்த்தனைகள் மற்றொரு வகை. இவ்வகையில் தலைசிறந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஆவார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வேர்ட் வெப் 1853 ஆம் ஆண்டிலே கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தமிழ்க் கூலி மிஷன் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர் இது நிகழ்ந்தமை நோக்கத்தக்கது. உபதேசியார்கள் கடல் கடந்த காலத்திலே கீர்த்தனை தமிழகத்துப் புரட்டஸ்தாந்த சபைகளில் உறுதியான இடத்தைப் பெற்றுக்கொண்டிருந்தது.

இருவகைப் பாடல்களும் கற்கப்படும் முறை வேறுவேறானது. பாமாலையை நால்வகைக் குரலிற் பாடுவதற்குப் புத்தகம் வேண்டும், எழுத்தறிவு வேண்டும், ஒவ்வொரு குரலினரும் தத்தம் பகுதியைத் தனித்துப் பயிலவேண்டும். கீர்த்தனையை முன்பாடுவோர் பாட, ஏனையோர் பின்பாடுதல் வழக்கு. சரணந்தோறும் பல்லவி மீண்டும் வருதலின், எழுத்தறியாத ஒருவரும் இரண்டாம் முறை பல்லவி வரும்போது தாமும் சேர்ந்துகொள்ள இயலும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து வந்த பெண்ணும், கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டு வந்த ஆணும் புத்தகமின்றியே பாடக்கூடிய பாடல் இதுவே. மார்கழி மாதத்திலே அயல் லயங்களில் ஒலித்த பஜனையும் இதே முறையிலேதான் நடைபெற்றது. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் கரோல் குழுவினர் இரவிலே லயந்தோறும் சென்று பாடும் வழக்கம், ஆங்கிலேயரிடமிருந்து பெயரைப் பெற்றதாயினும், பஜனையின் நடைமுறையையே பெரிதும் தழுவி அமைந்தது எனக் கருதலாம்.

இச்சூழலிற் பாடகர் குழாம் என்பது பயிற்றப்பட்ட சிலர் பிறருக்காகப் பாடும் அமைப்பாக அன்றி, பிறரைப் பாடச்செய்யும் அமைப்பாகவே இயங்கவேண்டியிருந்தது. தோட்டப்புறக் கல்வியோ மிகப் பிந்தியே அரசின் கவனத்தைப் பெற்றது. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டமுமே தோட்டப் பிள்ளைகளின் கல்வியை உரிமையாளரின் கடமையாக்க முயன்றன. அதற்கு முன்னர் பாடலைப் பயில்வதே பலருக்கு எழுத்தைப் பயில்வதற்கான தூண்டுதலாகவும் அமைந்திருத்தல் கூடும். மெதடிஸ்த திருச்சபையைச் சார்ந்த சாமுவேல் லங்டன் 1880களிலே ஊவாவிலே தொடங்கிய பணியிலும் கல்வியும் தொழிற்பயிற்சியும் வழிபாடும் இணைந்தே சென்றன.

எனினும் இவ்வரலாற்றை மிகைப்படப் புகழ்தல் ஆகாது. மிஷனுக்குப் பொருளுதவியவர் துரைமார். அவர்தம் இசைவின்றி உபதேசியார் தோட்டத்தினுள் நுழைதல் அரிது. ஆகவே பாடலும் ஓரெல்லைக்கு உட்பட்டே ஒலித்தது. கீர்த்தனை மரபிற்கும் சமூக எல்லைகள் இருந்தன. வேதநாயகம் சாஸ்திரியார் சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற பெரும்புலவர். சாதி வேறுபாடு, பாடல்களில் மாற்றம் முதலியன பற்றி 1829 அளவிலே புதிய மிஷனரிமாரோடு முரண்பட்டபோது அவர் சாதி வழக்கங்களுக்குச் சார்பாகவே வாதிட்டார். இக்கீர்த்தனைகளைத் தோட்டங்களிலே பாடியவர்களுட் பலர் அவ்வழக்கங்களினால் ஒதுக்கப்பட்ட சமூகத்தினர். இயற்றியவர் எவ்வாறு எண்ணினும், பாடிய மக்கள் அப்பாடலைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதே இங்கு முதன்மையானது.

3. இலத்தீனிலிருந்து தாய்மொழிக்கு

கத்தோலிக்க வழிபாட்டின் போக்கு வேறானது. கண்டி மறைமாவட்டம் 1886 இல் அமைக்கப்பட்டபோது அது சில்வெஸ்திரின் துறவியரின் பொறுப்பிலிருந்தது, ஊவாவும் அதன்பாற்பட்டதே. பெனடிக்ற் மரபினரான இத்துறவியருக்கு இலத்தீன் மொழிக் கிரகோரியன் இசை வாழ்வோடு இயைந்த ஒன்று. திருப்பலி இலத்தீனில் நிகழ, மக்களின் தமிழ்ப் பாடல் நவநாட்களிலும் தவக்காலத்து ஒப்பாரிகளிலும் சுருவப்பவனிகளிலும் வாழ்ந்தது. யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கிய நூல்கள் இவ்வகைப் பத்தி மரபுக்கு அடித்தளமிட்டவை.

பாடகர் குழாம் பற்றிய திருச்சபையின் நிலைப்பாடு இருபதாம் நூற்றாண்டில் எவ்வளவு மாறியது என்பதை இரு ஆவணங்களை ஒப்பிட்டு அறியலாம். 1903 ஆம் ஆண்டு நவம்பரிலே பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட திருவிசை பற்றிய ஆணை, ஆலயத்திற் பாடுவோர் வழிபாட்டுப் பணியொன்றை ஆற்றுகின்றனர் எனக் கொண்டு, பெண்கள் குழாத்திலே இடம்பெறுதல் தகாது என்றது. உயர்குரலுக்குச் சிறுவரையே அமர்த்தப் பணித்தது. பியானோவையும் முழவு, கைத்தாளம் போன்ற கருவிகளையும் விலக்கியது. அறுபது ஆண்டுகளின் பின், 1963 ஆம் ஆண்டு டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய சாசனம் பாடகர் குழாங்களை ஊக்கத்துடன் வளர்க்கும்படி கூறியது. அதே இடத்தில் மக்கள் அனைவரும் பாடலிற் பங்குகொள்ள வழிசெய்வது ஆயரின் கடமை என்றும் வலியுறுத்தியது. மறைபரப்பு நாடுகளிலே மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பு வழங்கப்படவேண்டும் என்றும் அது கூறியது. 1967 ஆம் ஆண்டின் திருவிசை பற்றிய போதனை இன்னும் தெளிவானது. குழாத்திற் பெண்கள் இடம்பெறலாம். குழாம் மக்கட்கூட்டத்தின் ஒரு பகுதியே என்பது விளங்குமாறு அதன் இருக்கை அமையவேண்டும். மக்களை முற்றாக விலக்கிப் பாடலனைத்தையும் குழாத்திடமே ஒப்படைக்கும் வழக்கம் விரும்பத்தக்கதன்று.

தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை இம்மாற்றத்தின் பொருள் தனித்துவமானது. கொழுந்து பறிப்போர் பெண்களே. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் பெரும்பாலும் அவர்களிடமே வாழ்ந்தன. பெண்ணும் முழவும் விலக்கப்பட்ட ஒரு குழாம் தோட்டத்து மக்களின் குரலாக எவ்வாறு அமைதல் கூடும்? அவ்விலக்கு நீங்கிய பின்னரே ஆலயத்தின் உள்ளும் புறமும் ஒலித்த குரல்கள் ஒன்றுசேர வழி திறந்தது.

1972 ஆம் ஆண்டு டிசெம்பரிலே கண்டியிலிருந்து பிரித்துப் பதுளை மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. அதன் முதல் ஆயர் லியோ நாணயக்கார, தாமே பெனடிக்ற் மரபுத் துறவி, கண்டி ஆயராயிருந்தவர். வறிய கிராமத்தவரையும் தோட்டத்தொழிலாளரையும் மையமாகக் கொண்ட திருச்சபையை உருவாக்க அவர் முயன்றார். 1982 இல் மறைந்தார். அப்புத்தளையில் தோட்டத் துரையும் அரசியல்வாதியுமான சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய ஆதிஷம் மாளிகை பின்னர் சில்வெஸ்திரின் துறவியரின் மடமாக மாறியமையும் நினைவுகூரத்தக்கது. துரை வாழ்ந்த மனையிலே துறவியரின் பாடல் ஒலிக்கலாயிற்று.

4. சபை கலைந்த காலம்

வழிபாட்டு மொழி மக்களை நோக்கி வந்த அதே காலப்பகுதியில் அம்மக்கள் தோட்டங்களை விட்டுச் சிதறவேண்டியதாயிற்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியோர் தொகை ஆண்டுதோறும் பெருகியது. 1970களின் முற்பகுதியிலே உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டியது. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத்தையும் தாக்கின.

பாடகர் குழாம் என்பது கட்டடமன்று; ஓர்கன் போன்று ஓரிடத்தில் நிலைநிறுத்தப்பட்ட பொருளுமன்று. ஒருவர் குரலை மற்றவர் கேட்டுப் பழகிய ஆண்டுகளே அதன் உடைமை. குடும்பங்களுட் சில கப்பலேற, சில எஞ்சிநிற்க நேர்ந்த தோட்டங்களிலே குழாமும் பிளவுண்டது. அச்சிட்ட பாமாலையும் கீர்த்தனைத் தொகுதியும் எங்கும் கிடைக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட தோட்டத்திலே ஒரு கீர்த்தனை எந்த நடையிற் பாடப்பட்டது, எவ்விடத்திலே பெண்குரல் தனித்து எழுந்தது, எந்தச் சாவு வீட்டில் எந்தப் பாடல் பாடப்பட்டது என்பன நூலில் இல்லை. கையெழுத்துக் கொப்பிகளிலும் மூத்தோர் நினைவிலுமே இருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்திராவிடின் அவற்றுட் பல அழிந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். தோட்டத் திருச்சபைகளின் வழிபாட்டிசைக்கு அத்தகைய தொகுப்புப் பணி இன்னும் பெரிதும் வேண்டப்படுகின்றது.

5. புதிய இசையும் பழைய வினாவும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு புதிய போக்குகள் தோன்றின. முதலாவது, மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியிலே பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) முன்வைத்த கிராமிய இசை இயக்கம். கருநாடக இசை சார்ந்த கீர்த்தனையும் மேனாட்டுப் பாமாலையும் ஒடுக்கப்பட்ட மக்களின் இசையல்ல என்பதும், பாடுவோரே தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாடக்கூடிய நாட்டார் இசையே விடுதலைக்குரிய இசை என்பதும், பறை முதலிய கருவிகள் ஆலயத்தில் ஒலிக்கவேண்டும் என்பதும் அவர்தம் கருத்துக்கள். காமன் கூத்திலும் திருவிழாவிலும் சாவிலும் தப்பு முழங்கும் மலையகத்துக்கு இக்கருத்து அந்நியமானதன்று. ஆயினும் தோட்டக் கிறித்தவர் பல தலைமுறையாகப் பாடிவந்த கீர்த்தனையை மேட்டுக்குடியின் இசை என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. கீர்த்தனையை மக்கள் எவ்வாறு தமதாக்கினர் என்பதை மேலே கண்டோம்.

இரண்டாவது, பெந்தெகொஸ்தே சபைகளின் வழியாகவும் தமிழகத்திலிருந்து வந்த ஒலிநாடாக்களின் வழியாகவும் பரவிய எளிய வழிபாட்டுப் பாடல்கள். பெர்க்மான்ஸ் அடிகளாரின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ சபை வேறுபாடின்றிப் பாடப்படலாயின. குறுகிய அடி, மீண்டும் மீண்டும் வரும் தொடர், கைதட்டும் தாளம், கற்பதில் எளிமை ஆகியன அவற்றின் இயல்புகள். ஊன்றி நோக்கின், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கீர்த்தனையின் பல்லவி எழுத்தறியாதோருக்கு ஆற்றிய பணியையே இவை வேறு வடிவில் ஆற்றுகின்றன. ஆகவே அவற்றைத் தரங்குறைந்தவை எனத் தள்ளுதல் வரலாற்றுணர்வுக்கு ஒவ்வாது.

ஆனால் மின்னிசைக் கருவியும் ஒலிபெருக்கியும் வந்தபோது ஒரு பழைய குறையும் புதிய உருவிலே வந்தது. முன்னாளில் நால்வகைக் குரலிற் பயிற்சிபெற்ற சிலர் பாட மக்கள் வாளாவிருந்தனர். இந்நாளில் ஒலிவாங்கியைக் கையிலேந்திய சிலர் பாட, அவ்வோசையிலே மக்களின் குரல் கேளாதாகின்றது. 1967 ஆம் ஆண்டின் போதனை கண்டித்த குறை இது. கருவி மாறினும் குறை மாறவில்லை.

வாழ்க்கை முறை மாற்றமும் கருதற்பாலது. எல்ல இன்று உல்லாசப் பயணிகள் நாடும் ஊர். அயற்றோட்டங்களின் இளைஞர் பலர் விடுதிகளிலும் கடைகளிலும் கொழும்பிலும் வேலை தேடுகின்றனர். அத்தொழில்களுக்கு ஞாயிறு ஓய்வுநாளன்று. முழுத் தோட்டமும் ஒரே நேரத்தில் வேலைக்குச் சென்று ஒரே நேரத்தில் திரும்பிய காலத்தில் மாலைப் பயிற்சி எளிதாயிருந்தது. அந்நேர ஒழுங்கு குலைந்த இடத்திலே நால்வகைக் குரற் பயிற்சியை எதிர்பார்த்தல் அரிது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பாடகர் குழாத்தின் உரிமை அதன் பழமையிலிருந்து பிறப்பதன்று என்பது பெறப்படும். மேலங்கிக் குழாமும் ஆர்மோனியமும் கீர்த்தனையும் ஒவ்வொரு காலத்திற் புதியனவாக வந்தவையே. குழாம் மக்களுக்குப் பாடக் கற்பித்த இடத்தில் அது நிலைத்தது. மக்களுக்குப் பதிலாகப் பாடிய இடத்தில் அது அலங்காரமாகி, அலங்காரம் மாறியபோது தானும் அகன்றது. இன்றைய வழிபாட்டிலும் அதற்குரிய இடத்தை இவ்வளவுகோல் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். பாமாலையோ கீர்த்தனையோ கிராமியப் பாடலோ புதிய வழிபாட்டுப் பாடலோ எதுவாயினும், கடைசி வரிசையில் நிற்கும் மூதாட்டியும் அதனைப் பாடுகின்றாரா என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கியது. 2023 இல் மலையக மக்கள் தம் இருநூறாண்டு வரலாற்றைத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து நினைவுகூர்ந்தனர். ஏட்டிலே உரிமை பெற்ற அம்மக்களின் குரலும் ஏட்டிலும் ஒலிப்பதிவிலும் இடம்பெறவேண்டும். திருச்சபைகள் தம் மூத்த பாடகரின் கொப்பிகளைப் பேணுதலும், பல்கலைக்கழகத் தமிழ், இசை, வரலாற்று மாணவர் தோட்டந்தோட்டமாகச் சென்று அப்பாடல்களை ஒலிப்பதிவு செய்தலும் உடனடித் தேவைகளாம். பாடியோர் மறைந்தபின் அச்சுப் புத்தகம் எஞ்சும்; ஆனால் அவர்கள் பாடிய முறை எஞ்சாது. இப்பணி இனியும் தாமதிக்கத்தக்கதன்று.